டாக்டருக்குப் பிடித்த நெஞ்சு

எங்கள் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம். தமிழ்நாட்டோடு சேர இன்னும் ஓரிரு வருஷம் இருந்தது. மயிலாடியில் ஒரு பட்டறையில் நான் கல் கொத்திக்கொண்டிருந்தேன். கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து வயல் காய்ந்துவிட்டால் சாயங்காலம் சடுகுடு ஆடுவோம்.

என் தங்கை புருஷனும் அதே பட்டறைதான். என் வயதுதான். அவனைக் கண்டால் எனக்கு ஆகாது. நான் பாடிப் போய் ஒருவனைத் தொட்டு வந்தால் சும்மா இருப்பார்கள். அவன் தொட்டு வந்தால் தோளில் தூக்குவார்கள். என் அம்மாகூட மீன் தலையை அவன் இலையில்தான் வைப்பாள். எனக்கு வால்.

அந்த மாசியில் ஒரு டாக்டர் வந்தார். நாகர்கோவில் பக்கத்துப் பையன். டாக்டர் படிப்பு முடித்துவிட்டு மதராஸில் மேல்படிப்பு படிக்கிறாராம். ஓடுகிறவன், விளையாடுகிறவனுடைய இருதயமும் மூச்சும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்பதுதான் படிப்பு.

“ஆடுகவனுக்கு என்னவே வைத்தியம்? காலு ஒடிஞ்சா கட்டுப் போடணும், அவ்வளவுதானே?” என்றார் எங்கள் குழுவின் பெரிய ஆட்டக்காரர். டாக்டர் கோபப்படவில்லை. “ஒடியாதவனையும் பாக்கணும் அண்ணாச்சி” என்றார்.

முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் கேட்டார். நான்தான் கொத்திக் கொடுத்தேன். அதில் ஏறி இறங்க வேண்டும். ஒருவன் தாளம் தட்டுவான். டாக்டர் போதும் என்றதும் உட்கார வேண்டும். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மணிக்கட்டைப் பிடிப்பார். பிறகு நெஞ்சில் குழாய் வைப்பார்.

சடுகுடு ஆடுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கோட்டைத் தாண்டி வந்ததும் வாயைத் திறந்து இளைக்கக் கூடாது. இளைப்பைப் பார்த்தால் எதிராளி துணிந்துவிடுவான். டாக்டர் முன்னாலும் எல்லோரும் அப்படியே வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் என்னால் முடியவில்லை. வாயைப் பிளந்துகொண்டு இளைத்தேன்.

“ஏலே, நாய் மாதிரி நாக்கத் தொங்கப் போடுகான் பாரு” என்று சிரித்தார்கள்.

டாக்டர் என் கையைக் கொஞ்சம் பிடித்துப் பார்த்துவிட்டு, “நீர் போலாம்” என்றார். அவ்வளவுதான்.

அடுத்து தங்கை மாப்பிள்ளை ஏறினான். இறங்கி உட்கார்ந்தான். வாய் மூடியே இருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். டாக்டர் அவன் கையை விடவே இல்லை. முன்னால் குழாய் வைத்தார், பின்னால் வைத்தார், படுக்கச் சொல்லி வைத்தார். கடைசியில், “என்கூடத் திருவனந்தபுரம் வரணும். பெரிய ஆசுபத்திரியில காட்டணும்” என்றார்.

மறுநாள் தன் காரிலேயே கூட்டிப்போனார். நான் அதுவரை காரில் உட்கார்ந்ததில்லை. கல்லைக் கொத்தியவன் நான். ஊர்வலம் அவனுக்கு. அன்றைக்கு உளி பிடிக்க மனம் வரவில்லை.

திரும்பி வந்தவனைச் சுற்றிக் கூட்டம். “டாக்டர் என்ன மக்கா சொன்னாரு?”

“எனக்க நெஞ்சு அவருக்குப் பிடிச்சுப்போச்சு” என்று சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் பேச்சையே விட்டோம்.

பங்குனியில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. பக்கத்து ஊர்க்காரர்களோடு சடுகுடு. ஊரே கூடி நின்றது. முதலில் அவன்தான் பாடிப் போக வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். களத்தில் அவன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

“மச்சான், முதல்ல நீ போ.”

“எனக்குப் பிச்சை போடுதியா?”

அவன் என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டான். ஓடவில்லை, ஆடவில்லை, சும்மா நின்றவன். உள்ளே இரண்டு அடி சேர்ந்தாற்போல் விழுந்தது. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு தடதடவென்று தறிகெட்டு அடித்தது.

“உள்ள ஒரு கதவு சரியா மூடலயாம் மச்சான். ஓடினா சில நேரம் நெஞ்சே நின்னுபோகும்னு டாக்டர் சொன்னாரு. ஆடவே கூடாதாம்.”

“பின்ன ஏம்லே வந்து நிக்க?”

“வரலேன்னா ஏன்னு கேப்பானுவல்லா. உன் தங்கச்சி மாசமா இருக்கா. இப்ப அவளுக்குத் தெரியக் கூடாது.”

எதிரணிக்காரர்கள் கூப்பிட்டார்கள். இவன் வேட்டியை மடித்துக் கட்டினான். போயே விடுவான் என்று தெரிந்தது.

நான் அவனைப் பிடித்துத் தள்ளினேன். மல்லாக்க விழுந்தான்.

“இவன் ஆடினா நான் ஆடமாட்டேன். எப்பப் பாத்தாலும் இவனா? நான் ஆம்பள இல்லியா?” என்று கத்தினேன்.

ஊர் ஏசியது. “சவத்து மூதி, கொடையன்னைக்கா பொறாமயக் காட்டுக?” என்று ஒருவர் அடிக்க வந்தார். மாப்பிள்ளை எழுந்து மண்ணைத் தட்டினான். ஒரு கணம் என்னைப் பார்த்தான்.

“எனக்குச் சண்டை வேண்டாம். மச்சானே ஆடட்டும்” என்று துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

தோற்றோம். பழி என் மேல் விழுந்தது.

மறுநாள் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். “எனக்க மாப்பிளயப் பாத்தா உனக்கு வயிறு எரியுது. அப்படித்தானே அண்ணே?”

“ஆமா” என்றேன்.

குழந்தை பெற்று எழுந்து நடமாடும்வரை அவள் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு அவனே அவளிடம் நெஞ்சுக் கோளாறைச் சொன்னான். அவன் அதற்குப் பின் களத்தில் இறங்கவில்லை. என்னோடு கோபம் என்று ஊர் நினைத்துக்கொண்டது. கல் வேலையையும் விட்டான். வடசேரிச் சந்தையில் கடை போட்டான். மாத்திரை தின்றுகொண்டு, மகள் பள்ளிக்கூடம் போவதைப் பார்க்கும்வரை உயிரோடு இருந்தான்.

ஊருக்கு இன்றைக்கும் நான் பொறாமைக்காரன்தான். திருத்தவில்லை. அதுவரை நான் பட்டதெல்லாம் நிஜமான பொறாமை. அதனால்தான் அன்றைக்குச் சொன்ன பொய்யை ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. அவ்வளவு வருஷம் வயிறெரிந்தது அந்த ஒரு சாயங்காலத்துக்காவது உதவியது என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.