சாஹிராவின் சாக்பீஸ்

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். கிடங்கிலுள்ள தோல்களின் எண், தரம், அளவு எல்லாம் என் டேட்டாபேஸில் இருந்தன. அதை அமைக்கும் கட்டளைத் தொகுப்பை, அதாவது ஸ்கிரிப்டை, ஜாவாஸ்கிரிப்டில் நானே எழுதியிருந்தேன். அந்தப் பெருமையில், தோல் தரம் பிரிக்கும் தோழி சாஹிராவிடம், "இனிமே நம்பர், தரம், அளவுன்னு தோலுக்குப் பின்னாடி சாக்பீஸ்ல எழுதாதேடி, எல்லாம் மெஷின்லயே இருக்குது" என்றேன். சிரித்தாள், எழுதுவதை நிறுத்தவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, தோலின் நிறத்தையும் சேர்க்கச் சொன்னார்கள். அதே ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்து மறுபடி ஓட்டினேன். பழைய அட்டவணையை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கும்படி அதன் முதல் வரியில் நானே எழுதியிருந்தது நினைவில் இல்லை. முந்நூறு தோல்களின் விவரமும் போயிற்று. நகலும் இல்லை. பட்டியல் வராமல், தோல் வெட்டும் கட்டிங் பிரிவில் வேலை தொடங்காது.

தோல் வாசனை அடிக்கும் கிடங்கில் போய் நின்றேன்.

"இன்னாடி, மூஞ்சி இப்டி இருக்குது?"

அழாத குறையாகச் சொன்னேன். கேலி செய்வாள் என்று நினைத்தேன். அவள் முதல் தோலைப் புரட்டினாள்.

"எழுதிக்கோ."

முந்நூறையும் புரட்டிப் படித்தாள். கடைசியில் மட்டும், "நான் புரட்டிப் பார்க்காம எதுலயும் எழுத மாட்டேன்பா. ஏற்கெனவே எழுதியிருந்தா?" என்றாள்.

அன்று முதல் என் ஸ்கிரிப்டுகள், ஏற்கெனவே ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்கும். பார்க்கும் அந்தப் பகுதிக்கு 'புரட்டு' என்று பெயர். புரட்டு என்றால் பொய்தானே என்று இப்போதும் யாராவது கேட்பார்கள்.

எல்லாம் மெஷினில் இருக்கிறது என்று பொய் சொன்னது நான். புரட்டியவள் சாஹிரா.