சகலை எடுத்துக் கொடுத்த கருவிகள்

எங்கள் மயிலாப்பூர் தெருப் பிள்ளையார் கோயிலில் மார்கழி பஜனைக்கு மைக் செட் பார்த்துக்கொள்பவன் நான். பாட்டு வராது, படிப்பும் ஒன்பதாவதோடு நின்றுவிட்டது. பகவானுக்கு என்னால் ஆனது ஒயர் இழுப்பதுதான். போன வருஷம் மிருதங்கத்தின் இடது பக்கத்துச் சத்தம் வெளியே கேட்கவே இல்லை என்று எல்லோரும் குறைப்பட்டார்கள். இந்த மார்கழி முதல் நாளுக்குள் அடிச்சத்தத்துக்கென்றே நானே ஒரு சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டி செய்து வைக்கிறேன் என்று சந்நிதியில் சூடம் ஏற்றிச் சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு மரவேலை தெரியாது. என் மனைவியின் தங்கை கணவர், அதாவது என் சகலை, கோடம்பாக்கத்தில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்யும் பட்டறையில் எழுத்து வெட்டுகிறவர். கருவி தெரிந்தவர் என்று அவரையே தி.நகரில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு அழைத்துப் போனேன்.

கடைக்கார பாய் விஷயத்தைக் கேட்டுவிட்டு, நேராக அறுக்கும் வட்ட ரம்பத்தையும், பசை காயும்வரை பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்புகளையும் எடுத்து வைத்தார். சகலை இரண்டையும் ஒதுக்கினார்.

“இதெல்லாம் வேணாம் பாய். ஜிக்ஸா ஒண்ணு குடு. ஓரம் சீவுற டிரிம்மர் ஒண்ணு குடு.”

“பொட்டின்னா நேர்வெட்டுதானே தம்பி? ஜிக்ஸா வளைவுக்குல்ல?”

“ஸ்பீக்கர் ஓட்டை இன்னா சதுரமாவா கீது?”

பாய் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். “கிளாம்ப்பாவது எடுத்துக்கலாமே சகலை” என்றேன்.

“நான் ஒரு பக்கம் புடிக்கிறேன், நீ ஒரு பக்கம் புடி. நாலு கை இருக்கச்சொல்ல கிளாம்ப் இன்னாத்துக்கு?”

அந்த வார்த்தை எனக்கு அவ்வளவு இதமாக இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன்.

ஆயுதபூஜையன்று ஜிக்ஸாவையும் டிரிம்மரையும் சுவாமி படத்தின் முன் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டேன். அன்று அவற்றுக்கு ஓய்வு. விஜயதசமியில்தான் முதல் வேலை. மறுநாள் காலையிலேயே சகலை வந்து நின்றார். “பட்டறையில ஒரு வெட்டு வெட்டிப் பாத்துட்டு எடுத்தாறேன். புது மிஷினு, கை பழகணும்.” சுண்டலும் கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

ஐப்பசி போயிற்று. கார்த்திகை தீபமும் போயிற்று. போன் செய்தால், “வந்துக்கினே கீறேன் சகலை.” கடைசியில் நானே கோடம்பாக்கம் போனேன். அவர் தனியாகக் கடை போட்டுவிட்டதாகப் பட்டறையில் சொல்லி, பின்தெருவைக் காட்டினார்கள். அங்கே வாசலில், வெட்டி நிறுத்திய எழுத்துகள்: பெரிய ஒரு ‘ஜ’, ஒரு ‘அ’. மேஜைமேல் என் டிரிம்மர். நான் இட்ட குங்குமம் அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. என் பெட்டியில் வளைவு என்றால் ஸ்பீக்கர் ஓட்டை ஒன்றுதான். எழுத்துக்குத்தான் திரும்பின இடமெல்லாம் வளைவு. அன்று பாய் கடையில் என் பெட்டிக்கென்று அவர் எதையும் எடுக்கவே இல்லை. சகலை உள்ளேயிருந்து வந்தார்.

“கோச்சுக்காத சகலை. கேட்டா வாங்கிக் குடுத்திருப்பியா? சாமி காரியத்துக்கு வாங்குனது எனக்கும் வழி காட்டிச்சுன்னு நெனச்சுக்க.”

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். சத்தியமாகக் கொடுத்திருப்பேன். ஆனால் அவர் சாமியை நடுவில் இழுத்துவிட்டார். அக்கா தங்கையான எங்கள் மனைவிமார் முகம் வேறு இருக்கிறது. கருவிகளைத் திருப்பிக் கேட்காமலே பஸ் ஏறினேன்.

பலகைகளையும் ஸ்பீக்கர் ஓட்டையையும் மரக்கடையிலேயே அறுத்துக் கொடுத்தார்கள். கிளாம்ப் வாங்க அந்த பாய் கடைக்கு மறுபடி போக வெட்கமாக இருந்தது. பசை தடவி, கயிறு சுற்றி, மேலே அரிசி மூட்டையை ஏற்றி வைத்தேன். காய்ந்ததும் ஸ்பீக்கரைப் பொருத்திப் பாட்டுப் போட்டு, ஊதுபத்தியை ஓரமெல்லாம் காட்டிப் பார்த்தேன். பின்மூலையில் மட்டும் புகை சிதறியது. அங்கே காற்று கசிகிறது; கசிந்தால் அடிச்சத்தம் செத்துவிடும். மறுநாள் மார்கழி. எதை அப்பினாலும் காய நேரமில்லை.

விடிகாலை பஜனையில் அந்த மூலையை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே நின்றேன். மிருதங்கம் தெருமுனைவரை கேட்டதாம். சகலை திருநீறு பூசிக்கொண்டு குடும்பத்தோடு வந்து, என் பக்கத்திலேயே நின்றார்.

“இன்னா சகலை, தாளம் போடாம நிக்கிற?”

“கைய எடுத்தா காத்து போவுது.”

“நகரு, நான் புடிக்கிறேன்.”

“வேணாம்” என்றேன். “நீ தாளம் போடு.”