பதினோரு வாசலுக்கு ஒரு புள்ளி

கோவில்பத்தில் யாரை நிறுத்திக் கேட்டாலும் உத்திராபதி நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள். அந்த நல்லதனத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்ட. ஒருத்தர் முகத்தைப் பார்த்து 'முடியாது' என்று சொல்ல அவனுக்கு வராது. காரைக்காலில் பத்திரம் எழுதிப் பதிகிற ஒரு நொத்தேர் ஆபீசில் நகல் எழுதுகிற குமாஸ்தா வேலை. பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே சேர்ந்தவன். அத்தனை வருஷம் இருந்தும் பிரெஞ்சில் அவன் வாயில் சரளமாக வந்த ஒரே வார்த்தை 'உய்'. ஆமாம் என்று அர்த்தம். அதை வைத்தே ஆபீசில் அவனைக் கேலி செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகப்போகிற புரட்டாசி மாசம் அது. அவன் குடியிருந்த தெருவில் பதினோரு வீடு. பதினோரு வீட்டிலும் கிணறு உண்டு. பதினொன்றிலும் உப்புத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் வரப்பு வழியே நடந்து குளத்தங்கரைக் கிணற்றுக்குப் போக வேண்டும். போய்வர அரை மணி நேரம் பிடிக்கும்.

அவன் மனைவி பங்கஜவல்லிக்கு ஏழாம் மாசம். சுரக்குடியில் பிறந்த பெண். வயல் வேலையெல்லாம் பார்த்த உடம்புதான், ஆனாலும் முன்னால் உண்டான இரண்டும் தங்கவில்லை. இந்தத் தடவை ஆஸ்பத்திரி நர்ஸம்மா உத்திராபதியையும் கூப்பிட்டு நிறுத்திவைத்துச் சொன்னாள்.

"இந்தப் புள்ள வேணும்னா இந்தம்மா குடம் தூக்கக் கூடாது. தெரியிதா?"

தெரிகிறது என்றான்.

முதலில் தண்ணீர் எடுக்க ஒருத்தியை வைத்தார்கள். பத்து நாள் வந்தாள். நடவு ஆரம்பித்ததும் வயலுக்குப் போய்விட்டாள், அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை. பங்கஜவல்லியின் அண்ணி சுரக்குடியிலிருந்து வந்து ஒரு வாரம் இருந்தாள். அவளுக்கும் வீடு வாசல் இருக்கிறதே, எத்தனை நாள் இருப்பாள்? அதற்குப் பிறகு உத்திராபதியே சைக்கிள் கேரியரில் குடத்தைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினான். நான்கு நாள் கொண்டுவந்தான். ஐந்தாம் நாள் எதிர்வீட்டு நீலகண்டன், ரெவின்யூ ஆபீசில் வேலை பார்க்கிறவர், பல் துலக்கிக்கொண்டே தெருவுக்கே கேட்கிற மாதிரி, குமாஸ்தா உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் வண்டி ஓட்டப் போய்விட்டாயா என்று கேட்டார். நான்கு வீட்டுச் சனம் சிரித்தது. அவர் கெட்டவர் இல்லை, வாய்த்துடுக்கு அவ்வளவுதான். மறுநாள் சைக்கிளில் குடம் ஏறவில்லை. பங்கஜவல்லி சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு அவளே கிளம்பினாள்.

அந்த வாரத்தில்தான் கோவில்பத்துக்குச் சர்க்கார் குழாய் வரப்போகிறது என்று பேச்சு வந்தது. மூன்று குழாய். இரண்டுக்கு இடம் பார்த்தாகிவிட்டது, மூன்றாவது மிச்சம். இவர்கள் தெருவும் கேட்கலாம், வரப்புக்கு அந்தண்டை இருக்கிற பக்கத்துத் தெருவும் கேட்கலாம். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். குழாய் எந்த இடத்தில் வர வேண்டும் என்று தெருக்காரர்களே ஒத்துப்போய், படம் போட்டுப் புள்ளி வைத்து, எல்லா வீட்டுக் கையெழுத்தோடும் மனு கொடுக்க வேண்டும். சண்டை சச்சரவு உள்ள இடத்தில் குழி தோண்ட மாட்டார்கள்.

சாயங்காலம் தெருமுனை மதகுக் கட்டையில் கூடிப் பேசினார்கள். என்ன பேச்சு, அடேயப்பா! ஐந்து சாயங்காலம் பேசினார்கள். நீலகண்டன் தெருவுக்கு நடு மத்தி தன் வீடுதான் என்று கயிறு போட்டு அளந்து காட்டினார். திருப்பத்து வீட்டு மதார் சாகிப் வயசானவர், சைகோனில் ஜவுளி வியாபாரம் பார்த்துத் திரும்பியவர். தன் வீட்டுப் பெண்கள் தெருவில் இறங்கி நடக்கிறவர்கள் இல்லை, குழாய் வாசலோரம் வந்தால்தான் அவர்களுக்கு உபயோகம் என்றார். கடைசி வீட்டுச் சொர்ணாம்பாள் இரண்டு கறவை மாட்டை வைத்துப் பிழைக்கிறவள். மாட்டுக்கு மனுஷனைவிடத் தண்ணீர் அதிகம் வேண்டும், அதைக் கணக்கில் எடுக்காத ஊர் என்ன ஊர் என்று கேட்டாள். ஒவ்வொருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் தொல்லை. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில், எழுதத் தெரிந்தவன் நீதானப்பா, நீயே வீடு வீடாகப் போய்ப் பேசி முடித்து எழுதிக் கொடுத்துவிடு என்று உத்திராபதி தலையில் கட்டினார்கள். அவன் சரி என்றான்.

அன்றைக்கு ராத்திரிச் சோறு போடும்போது பங்கஜவல்லி அவனிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நம்ம வாசல்ல வரணும்னு நான் கேக்கலைங்க. எந்த வாசல்லயாவது வரட்டும். தெருவுக்குள்ள வந்தாப் போதும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் படத்தை எழுதினான். கை நல்ல கை. பதினோரு கட்டம், நடுவே தெரு, மூலையில் மதகு, எல்லாம் மையில். குழாய்க்கான புள்ளியை மட்டும் பென்சிலில் வைத்தான். நீலகண்டன் வீட்டுக்குப் போனபோது புள்ளி நீலகண்டன் வாசலில் இருந்தது. அவர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுக் காப்பி கொடுத்தார். தெருவுக்கு வந்ததும் ரப்பரை எடுத்து அழித்தான். மதார் சாகிப் வீட்டு நடையில் உட்கார்ந்தபோது புள்ளி திருப்பத்துக்கு வந்துவிட்டது. "அல்லா உனக்கு நல்ல ஆம்புளப் புள்ளையக் குடுப்பான் தம்பி" என்று அவர் வாழ்த்தினார். அங்கேயும் வெளியே வந்து அழித்தான். சொர்ணாம்பாளுக்குக் கையெழுத்து வராது, புள்ளியைத் தன் கண்ணால் பார்த்த பிறகே பெருவிரலை நீட்டினாள். இப்படித் தன் வீடு போகப் பத்து வீடு. ஊரை ஏமாற்ற வேண்டும் என்று அவன் நினைக்கவே இல்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டால் குழாய் வந்துவிடும், வந்த பிறகு யார் பிடுங்கி எறியப் போகிறார்கள், இரண்டு நாள் திட்டுவார்கள், அவ்வளவுதானே என்று நினைத்தான். மடையன். திட்டு வாங்கவும் ஒரு தெம்பு வேண்டும் என்பதை யோசிக்கவில்லை. சாயங்காலம் வீடு திரும்பியபோது தெரு வரைந்த இடத்தில் காகிதம் தேய்ந்து மறுபக்கம் தெரிந்தது. எங்கே வைப்பது என்று புரியாமல் புள்ளியே வைக்காமல் மறுநாள் மனுவைக் கொடுத்துவிட்டான்.

இஞ்சினியர் புதன்கிழமை வந்தார். கூடவே கருப்பையன் என்கிற சேவகன், ஒரு கையில் கடப்பாரை, ஒரு கையில் சுண்ணாம்புத்தூள் கூடை. தெருவில் பதினோரு வாசலும் பெருக்கித் தெளித்திருந்தது. சொர்ணாம்பாள் குடம் வைக்க ஒரு கருங்கல்லையே புரட்டிக் கொண்டுவந்து போட்டிருந்தாள். ஒவ்வொருவரும் அவரவர் வாசலில் நின்று, இங்கேதான் வரப்போகிறார் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். இஞ்சினியர் படத்தைப் பிரித்து வெயிலுக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தார்.

"புள்ளி எங்கங்க?"

பத்துக் கை நீண்டது, பத்துப் பக்கம்.

அப்புறம் கிளம்பிய கூச்சலைச் சொல்லி மாளாது. உனக்கும் அப்படிச் சொன்னானா, எனக்கும் அப்படித்தான் சொன்னான் என்று தெரியவர ஐந்து நிமிஷம் ஆயிற்று. நீலகண்டன் அவனைப் பார்த்த பார்வையை அவனால் தாங்க முடியவில்லை. மதார் சாகிப் கைத்தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார். ஆனால் அந்த இஞ்சினியர் பொறுமைசாலி. அவருக்கும் குழாயை எங்கேயாவது நட்டு வேலையை முடித்தால் போதும். கூச்சல் அடங்கும்வரை காத்திருந்து, கருப்பையன் கையிலிருந்த கூடையை வாங்கி உத்திராபதி முன்னால் நீட்டினார்.

"கையெழுத்து எல்லாம் இருக்கு. எனக்கு அது போதும். மனு எழுதுனது நீங்க. நீங்களே போடுங்க. நீங்க போடுற எடத்துல நாளைக்கே கடப்பாரை எறங்கும்."

உத்திராபதி ஒரு பிடி சுண்ணாம்பை அள்ளினான். கையைத் திறந்தால் போதும். எங்கே திறந்தாலும் சரி. நின்ற இடத்திலேயே கொட்டியிருந்தாலும் குழாய் வந்திருக்கும். அவன் நீலகண்டனைப் பார்த்தான், மதார் சாகிப்பைப் பார்த்தான், சொர்ணாம்பாளின் கருங்கல்லைப் பார்த்தான். தன் வாசலில் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வயிறும் கையுமாக நின்ற பங்கஜவல்லியையும் பார்த்தான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள், போடுங்க என்று. ஒரு வீட்டுக்குப் போட்டால் ஒன்பது வீட்டுக்கு அவன் கெட்டவன். விரல் இறுகிக்கொண்டதே தவிர விரியவில்லை.

"எல்லாருமாச் சேந்து சொன்னா எங்க வேணாலும் சரிதாங்க" என்றான்.

இஞ்சினியர் படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கருப்பையனைக் கூப்பிட்டு, வரப்பில் இறங்கிப் பக்கத்துத் தெருவுக்கு நடந்தார். அங்கே ஏழு வீட்டுக்காரர்கள் வேப்பமரத்தடியில் ஒரே இடத்தைக் காட்டினார்கள். காரியம் முடிந்தது.

வியர்த்த கைக்குள் சுண்ணாம்பு வெந்து உள்ளங்கை பொத்துப்போயிருந்தது. பங்கஜவல்லி அவனை உட்காரவைத்து, காலையில் குளத்தங்கரையிலிருந்து சுமந்துவந்த குடத்திலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினாள். அரைக் குடம் தீர்ந்தது. தேங்காயெண்ணெய் தடவும்போது சொன்னாள்.

"ஒரே ஒரு தடவ இந்தக் கையத் தொறந்திருக்கலாம்ங்க."

அவன் அழுதான். இனிமேல் நானே தண்ணீர் கொண்டுவருகிறேன் என்றான். அதைச் சொன்னபோது நிஜமாகத்தான் சொன்னான். ஆனால் கைப்புண் ஆறப் பத்து நாள் ஆயிற்று. அப்புறம் ஆபீசில் வேலை நெருக்கடி. அப்புறம் குழாயடியில் நின்றவர்கள் எல்லோரும் பெண்கள். தெருவில் கோபமும் ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. யாருக்கும் கிடைக்கவில்லை என்பதில் ஒரு நிம்மதி. பக்கத்துத் தெருக் குழாய் நம் குழாய்தானே, என்ன கெட்டுப்போயிற்று என்று நீலகண்டன் மதகுக் கட்டையில் உட்கார்ந்து சமாதானம் சொன்னார். குளத்தங்கரைக்கு அரை மணி என்றால் இதற்குக் கால் மணி. அந்தத் தெருக்காரர்கள் பிடித்து முடித்த பிறகுதான் இவர்கள் முறை. தண்ணீர் வருவது ஆறிலிருந்து எட்டுவரை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வாசலில் அண்டா வைத்துப் பிடித்த மழைத்தண்ணீர் இரண்டு நாளைக்கு வந்தது. மூன்றாம் நாள் மழை விட்டு வெயில் அடித்தது. பங்கஜவல்லி குடத்தோடு போனாள். திரும்பும்போது வரப்புச் சேற்றில் கால் வழுக்கிக் குடத்தோடு விழுந்தாள். மதார் சாகிப்தான் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஆம்பிளைப் பிள்ளைதான். அழவில்லை. இடுப்பில் விழுந்த அடி அவளை எழுந்து நடமாட விடவில்லை. நடையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுக்கவைத்தார்கள். தெருவே வந்து பார்த்தது. சொர்ணாம்பாள் தினம் ஒரு செம்பு பால் கொடுத்தனுப்பினாள், நீலகண்டன் வாசற்படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் நல்லவர்கள்தான். அதில் குறையே சொல்ல முடியாது.

கார்த்திகையிலிருந்து உத்திராபதி தினம் குடத்தோடு குழாயடிக்குப் போகிறான். இப்போது யாரும் கேலி செய்வதில்லை.

ஒருநாள் காலையில் அவன் குடத்தைக் குழாயின் கீழே வைத்துவிட்டான். அவன் முறைதான். சொர்ணாம்பாள் ஓடி வந்து, மாடு கத்துகிறது, ஒரே ஒரு குடம் முந்திக்கொள்ளட்டுமா என்றாள். குடத்தை எடுத்து நகர்த்தி வைத்தான். அவள் பிடித்து முடித்ததும் நீலகண்டன் மனைவி, தன் வீட்டுக்காரருக்கு ஆபீசுக்கு நேரமாகிறது என்றாள். பிடிங்க அக்கா என்றான். அவனுக்கும் ஆபீசுக்கு நேரமாகிறதுதான். மதார் சாகிப் வீட்டு வேலைக்காரி அமீர் நிஷா ஒன்றும் கேட்கக்கூட இல்லை, இரண்டு குடத்தோடு வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவனாகவே வழிவிட்டான். அவளுடைய இரண்டாவது குடம் நிரம்புகிற சமயத்தில் குழாய் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.

வெறுங்குடத்தோடு வரப்பில் நடந்து வீட்டுக்கு வந்தான். சத்தம் செய்யாமல் மூலையில் வைத்தான். ஆனாலும் நிறைகுடம் வைக்கிற சத்தம் அவளுக்குத் தெரியாதா? பங்கஜவல்லி கட்டிலில் கிடந்தபடியே, கோபமில்லாமல், முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்.

"இன்னிக்கு யார் யாருக்கு விட்டுக் குடுத்தீங்க?"

உத்திராபதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராகச் சொன்னான்.