மத்தியாஸின் அடியந்திரம்

கேரளத்தில் பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் மூன்றாம் டிவிஷனில் வசிக்கும் மத்தியாஸ், ஐம்பத்தெட்டு வயது ஜீப் டிரைவர், ஒருமுறை இறந்து பிழைத்தவர். பிழைத்ததைவிட இறந்ததுதான் சௌகரியமாக இருந்தது என்பதை மட்டும் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அவரைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அவருடைய பிடி. பங்குக் கோயிலின் அந்தோணியார் சகாய சங்கத்தில், இல்லாதப்பட்ட வீடுகளுக்கு அரிசிப் பை கொடுப்பது பத்தொன்பது வருடமாக அவர்தான். பையை நீட்டுவார். வாங்குகிறவர் மறுமுனையைப் பிடித்த பிறகும் விடமாட்டார். ‘தோத்திரம்’ என்று சொன்னால்தான் கை தளரும். அடுத்த வீட்டுக் குருவம்மாளும் அவர் புருஷன் பொன்ராஜும் சுடலைமாடனைக் கும்பிடுகிறவர்கள். பஞ்சகாலத்தில் அவர்களும் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு தோத்திரம் சொல்லியிருக்கிறார்கள். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்கிறது வேதம். மத்தியாஸ் இரண்டு கையாலும் பிடிப்பதால் அந்த வசனம் அவரைக் கட்டுப்படுத்துவதில்லை.

கொரோனா வந்தது. சுற்றுலாக்காரர்கள் நின்றார்கள், ஜீப் நின்றது, வீட்டில் அரிசிப் பானை அடி தெரிந்தது. சங்கத்தின் பட்டியலை எழுதுகிறவரும் அவரே. இருபத்திரண்டு குடும்பங்களை எழுதினார். தன் பெயரை எழுதவில்லை.

“ஏட்டி, கொடுக்கிறவனே வாங்கினா அப்புறம் கொடுக்கிறவன் யாரு?” என்று மனைவி செபமாலையம்மாளிடம் தர்க்கம் பேசினார்.

“அரிசி வச்சிருக்கவன்” என்றார் செபமாலையம்மாள்.

இதற்கிடையில் தமிழ்நாட்டு எல்லை தாண்டிக் கம்பத்துக்கு ஒரே ஒரு நடை ஏலக்காய் மூட்டை ஏற்றிப் போய் வந்ததில் பதினான்கு நாள் வீட்டுத் தனிமை கிடைத்தது. சுகாதாரத் துறையினர் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆளை யாரும் பார்க்கவில்லை. பசி மட்டும் நோட்டீஸை மதிக்காமல் உள்ளே வந்து போனது. பத்தாம் நாள் செபமாலையம்மாள், கணவருக்குத் தெரியாமல், வீட்டில் இருந்த ஒரே பட்டன் போனில் பங்கு அலுவலகத்து ஜிஜியைக் கூப்பிட்டு, அவர் பெயரையும் சேர்க்கச் சொன்னார்.

ஜிஜி மலையாளி. உடனே சேர்த்துவிட்டு, டிவிஷனின் வாட்ஸ்அப் குழுவில் குரல் செய்தி போட்டார்: “எல்லாரும் கேக்கணும். மத்தியாஸ் சேட்டன்டெ அடியந்திரமும் ஞாயிறாழ்ச்ச பத்து மணிக்குத்தன்னே. கோயில் முற்றத்துல. வீட்டுக்கு ஒராள் வந்தா மதி.”

அடியந்திர சகாயம், அதாவது அவசர உதவி என்பதைத்தான் ஜிஜி சுருக்கினார். ஆனால் இறந்தவருக்காக ஊருக்குப் போடும் சாப்பாட்டுக்கும் மலையாளத்தில் அடியந்திரம் என்றுதான் பெயர். அவசரத்துக்கும் சாவுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியை அந்த வருடம் யாரும் குறை சொல்ல முடியாது. தொழிலாளர் லயத்து ஜனங்களுக்குத் தெரிந்தது சாப்பாட்டு அர்த்தம்.

“நாப்பத்தொண்ணாம் நாளுல்லா அடியந்திரம் வைப்பாக? போன வாரம்கூட இருமினாரே” என்றார் பொன்ராஜ்.

“கல்யாணத்துக்கே இருபது பேருன்னு சுருக்கிட்டாக. நாளச் சுருக்க மாட்டாகளா?” என்றார் குருவம்மாள். பிறகு சுவரில் காதை வைத்தார். “இப்பவும் இருமுற சத்தம் கேக்குதுங்க.”

“ஆவி. பழக்கம் லேசுல விடாது.”

“ஆவிக்குமா தடுமம் பிடிக்கும்?”

சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. அக்கம்பக்கம்தான் சோறு கொடுக்க வேண்டும். குருவம்மாள் ஒரு சட்டிச் சோறும் புளிக்குழம்பும் வாசலில் வைத்துவிட்டு, ஆறடி தள்ளி நின்று ஒப்பாரி வைத்தார். விஷயத்தைக் கேட்டறிந்து மறுக்கத்தான் செபமாலையம்மாள் வாயைத் திறந்தார். சட்டியில் ஆவி பறந்தது. வாய் மூடிக்கொண்டது, கண் ஒழுகியது. அந்த அழுகையில் பொய் கிடையாது. மூன்று நாளாகக் கஞ்சித் தண்ணீர்.

“நல்ல மனுசன்க்கா” என்றார் குருவம்மாள். “பைய விடமாட்டாரு, அது ஒண்ணுதான் கொற. இப்ப மோட்ச வாசல்லயும் ஆத்துமாவ நீட்டிட்டு விடாம நிப்பாரு. கடவுளு தோத்திரம் சொன்னாத்தான் விடுவாரு.”

உள்ளே மத்தியாஸ் ஆட்சேபிக்க எழுந்தபோது இரண்டாம் தட்டுச் சோற்றில் இருந்தார்.

“நான் சாகலன்னு சொல்லுட்டி.”

“சொல்லுதேன். சட்டியத் திருப்பிக் குடுத்துரட்டுமா?”

மத்தியாஸ் சட்டியைப் பார்த்தார். உயிருள்ள மத்தியாஸ் யாரிடமும் கைநீட்டியதில்லை. செத்தவனுக்கு அந்த மானப் பிரச்சினை இல்லை. “ஞாயித்துக்கிழம சொல்லிக்கலாம்” என்றார். அதற்குள் இன்னும் நான்கு வீடுகளிலிருந்து கப்பைக் கிழங்கும் பயறும் வந்தன. பத்து நாளில் இளைத்த உடம்பு, செத்த நான்கு நாளில் தேறியது.

ஞாயிற்றுக்கிழமை தனிமை முடிந்து, முகக்கவசத்தோடு கோயில் முற்றத்தில் பை கொடுக்க வந்து நின்றார். சுண்ணாம்பு வட்டங்களில் நின்றவர்கள் அலறினார்கள். யாரும் வட்டத்தை விட்டு ஓடவில்லை. போலீஸ் பயம் பேய்ப் பயத்தைவிடப் பெரியது.

“அப்ப என் சோத்தத் தின்னது யாரு?” என்றார் குருவம்மாள்.

மத்தியாஸ் அதைக் காதில் வாங்காமல் பைகளை எடுத்தார். இருபத்திரண்டு பைகள், இருபத்திரண்டு தோத்திரங்கள். கடைசியாக ஒன்று மிஞ்சியது. மேலே அவர் பெயர்.

“சேட்டா, அது சேட்டனுக்குத்தன்னே” என்று போனைத் தூக்கினார் ஜிஜி. “போட்டோவுல கொடுக்குற ஆளும் வேணும், வாங்குற ஆளும் வேணும்.”

செபமாலையம்மாள் தன் வட்டத்திலிருந்து வந்து பையின் மறுமுனையைப் பிடித்தார். மத்தியாஸ் பழக்கம்போல விடவில்லை.

“தோத்திரம் சொல்லுட்டி” என்று முணுமுணுத்தார்.

“உங்க பேருக்கு வந்த பை. நீங்க சொல்லுங்க.”

“சொல்லுங்கண்ணே” என்று கத்தினார் குருவம்மாள். “நாங்கல்லாம் எத்தன தடவ சொல்லியிருக்கோம்? வாய் ஒண்ணும் வலிக்கல.”

முகக்கவசத்துக்குள் ஏதோ அசைந்தது.

“கேக்கல!” என்றார் மதிலுக்கு வெளியே நின்ற பொன்ராஜ்.

“தோத்திரம்” என்றார் மத்தியாஸ், முற்றம் முழுக்கக் கேட்கும்படி. கை தளர்ந்தது.

ஜிஜி அந்த நொடியில்தான் படம் எடுத்தார். அதில் பையைச் செபமாலையம்மாள் மட்டும் பிடித்திருக்கிறார். பக்கத்தில் மத்தியாஸின் கைகள் இரண்டும், எங்கே வைப்பதென்று தெரியாமல், வெறுமனே தொங்குகின்றன.