இடது கைக்கு எத்தனை ஆட்டம்

மருத்துவமனை ஊழியர்களுக்குச் சீருடை தைக்கும் அந்தத் தையல்காரருக்கு நாற்பத்தாறு வயது. கடைக்குப் பின்னால் துணி வெட்டும் அறையில், நூல்கண்டு அலமாரிக்குக் கீழே ஒரு பழைய டிவியும், பள்ளி நாட்களில் வாங்கிய கறுப்பு நிற வீடியோ கேம் பெட்டியும் வைத்திருந்தார். அதற்கு எழுபத்திரண்டு கேசட் சேர்த்திருந்தார்.

அவருடைய அக்கா கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவரிடமும் அதே காலத்துப் பெட்டி ஒன்று உண்டு. ஆனால் போட்டிக் கம்பெனியுடையது; சாம்பல் நிறம். அக்காவுக்குக் கல்யாணமாகி இருபது வருடம். அந்த இருபது வருடமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருவருக்கும் ஒரே சண்டை, எந்தப் பெட்டி உசத்தி என்று.

"உன் பெட்டியில என்ன இருக்கு மச்சான்? ஓடறான், குதிக்கறான், சாகறான். ஒரு கதை உண்டா?" என்பார் அத்தான்.

"உங்க ஆளு மட்டும் என்னவாம்? ஊர் ஊராப் போய் வீட்டுக்கு வீடு கதவைத் தட்டிப் பேசிட்டே இருக்கான். எலெக்‌ஷன்ல நிக்கறானா?"

அக்கா காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவாள்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, கம்பிவடத்துக்கும் கப்பிக்கும் நடுவே அத்தானின் வலது கை சிக்கியது. மூன்று விரல்கள் போயின. தையல்காரர் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் பேச்சு இல்லை. ஒரு நாள் அக்கா பெரிய அட்டைப்பெட்டியோடு கடைக்கு வந்தாள். உள்ளே சாம்பல் பெட்டியும் எண்பத்து நாலு கேசட்டும்.

"உங்கிட்டயே குடுத்துடச் சொல்லிட்டாருடா. இனிமே எனக்கு எதுக்குன்னு கேக்கறாரு. நான் என்ன பதில் சொல்ல?" என்றவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அதை அலமாரியில் வைக்கும்போதுதான் அவர் அதன் ஜாய்ஸ்டிக்கை முதன்முறையாக உற்றுப் பார்த்தார். இடது ஆள்காட்டி விரல் படும் மேல்விளிம்பில் ஒரு பொத்தான் இருந்தது. கறுப்புப் பெட்டியில் எல்லாப் பொத்தானும் வலப்பக்கம்தான். இடது கையால் மட்டும் ஆடிப் பார்க்க, வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சொந்தப் பாசத்தில் முதலில் கறுப்புப் பெட்டியையே போட்டார். இடது கையால் ஆளை நடத்த முடிந்தது, குதிக்க வைக்க முடியவில்லை. முப்பது வருடமாக அவர் கொண்டாடிய வீரன் முதல் பள்ளத்திலேயே பேசாமல் நடந்துபோய் விழுந்தான். எழுபத்திரண்டில் நாலு தேறின.

பிறகு சாம்பல் பெட்டி. அவர் கிண்டல் செய்த அந்த நிதானமான கதை ஆட்டங்கள் பலவற்றில் மேல்விளிம்புப் பொத்தானே கதவைத் திறந்தது, பேசியது, வாளை எடுத்தது. சிலவற்றில் எந்தப் பொத்தானுக்கு எந்த வேலை என்று நாமே மாற்றிக்கொள்ளலாம். ஐந்து வாரம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, அளவு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினார். பத்தொன்பது தேறின. ஒரு கதையில் மூழ்கிப்போனதில் சீருடைகள் தாமதமாகி, தலைமை நர்ஸிடம் போனில் வாங்கிக் கட்டிக்கொண்டார். இருபது வருடம் ஒரு மணி நேரம்கூட ஆடிப் பார்க்காமலே வாய் கிழியப் பேசியிருக்கிறோமே என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது.

பெட்டியையும் பட்டியலையும் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார்.

"அத்தான், உங்க பெட்டிதான் உசத்தி. ஒத்துக்கறேன்."

அத்தான் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "பாவம்னு போடற ஓட்டு எனக்கு வேண்டாம்."

"பாவமெல்லாம் இல்ல. நாலுக்குப் பத்தொன்பது. எழுதியே வச்சிருக்கேன், பாருங்க."

நோட்டை மடியில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். அக்காவும் அவரும் அங்கேயே நின்றார்கள். பிறகு கூடத்திலிருந்து குரல் வந்தது.

"மச்சான்! ஏழாவதா எழுதியிருக்கியே, அது தப்பு. அந்தப் பட்டன் முதல் குகை வரைக்கும்தான் வேலை செய்யும். நீ அதைத் தாண்டவே இல்ல, இல்ல?"

"தாண்டல."

"சட்டைக்குப் பட்டன் வைக்கறவனுக்கு எந்தப் பட்டன் எதுக்குன்னு தெரியல. பதினெட்டுன்னு திருத்து. அப்புறம் தண்ணிக்கடியில போறது ஒண்ணு இருக்கே, அதை ஏன் விட்டே? அந்த ஒயரை எடுத்து மாட்டு, காட்டறேன்."

அக்கா அடுப்படியில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். தம்பி ஒயரைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆறு மாதம் கழித்து அத்தான் வேலைக்குத் திரும்பினார். கம்பிவடம் பிடிக்கும் வேலை இல்லை. மற்றவர்கள் பூட்டிய லிஃப்ட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை. இடது கையால் கையெழுத்துப் பழக ஒரு முழு நோட்டு தீர்ந்தது. சிலவற்றை இன்னும் அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. யாராவது கைகுலுக்கக் கை நீட்டினால் அன்று முழுக்க முகம் சரியிருக்காது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். போன வாரம் அவரே கறுப்புப் பெட்டியில் கால்பந்து போடச் சொன்னார். ஜாய்ஸ்டிக்கைத் தொடையில் வைத்து, வலது உள்ளங்கை ஓரத்தால் பொத்தானை அமுக்கினார். தையல்காரர் மெல்லத் தன் வலது கையைத் தொடைக்கு அடியில் நுழைத்தார்.

"கையை வெளிய எடு."

"சும்மாதான் அத்தான்..."

"எடுடா! ரெண்டு கையாலயும் ஆடு."

ஆடினார். அத்தான் ஒன்பது கோல் வாங்கினார். ஒவ்வொரு கோலுக்கும் அந்தப் பெட்டியையும், அதைச் செய்த கம்பெனியையும், மச்சானின் ஏழு தலைமுறையையும் விடாமல் திட்டினார்.