வாட்டமின்றி

செங்கமலம் குந்தி உட்கார்ந்து ஒரு பச்சைக் கோலிக்குண்டைத் தரையில் வைக்கிறார். "போ தாயி, போ" என்கிறார். குளியலறை மூலையில் தண்ணீர் போகும் துளையை நோக்கிக் குண்டு உருள்கிறது. துளைக்கு ஒரு சாண் முன்னால் அது நின்றுவிட்டால் போச்சு, அந்த இடத்து டைல்ஸைப் பெயர்த்துவிட்டுத்தான் மறுவேலை. மட்டம் பார்க்கும் ரசமட்டமும் அவர் பையில் இருக்கிறது. என்ஜினியர் வந்து பார்க்கும்போது மட்டும் அதை எடுத்து வெளியே வைப்பார்.

வயது நாற்பத்தைந்து. சேலைக்கு மேல் கணவருடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, காதிடுக்கில் பென்சில். தா.பழூர் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் சிமெண்ட் ஆலைகள் சூழ்ந்த அரியலூருக்கு வந்து இறங்கும்போதே சட்டையில் சிமெண்ட் ஒட்டியிருக்கும். "இந்த ஊருல கால வச்சாலே சிமெண்ட்டுதான சார், நான் வூட்டுலேர்ந்தே பூசிட்டு வந்துடுறேன்" என்பார். பன்னிரண்டு வருடம் சித்தாளாகக் கல் சுமந்தவர். கரணை எப்படிக் கைக்கு வந்தது என்று கேட்டேன். "யாரும் குடுக்கல. கொத்தனாரு டீ குடிக்கப் போனாரு. திரும்பி வரதுக்குள்ள நான் பூசிட்டேன்."

எனக்கு அவர்மேல் பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. நான் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். ஆறு வருடமாக இதே பத்திரிகையில் சொற்களின் வேரைத் தோண்டி எழுதுகிறேன். என் மனைவி அபிநயா அதில் ஒரு வரி படித்ததில்லை. ஆனால் அரியலூரில் நாங்கள் கட்டும் வீட்டுக்குச் செங்கமலம் டைல்ஸ் ஒட்ட வந்த நான்காம் நாள், வாடகை வீட்டில் தோசை சுட்டுக்கொண்டே, "இந்த அடுப்பு கைக்கு வாட்டமாவே இல்லீங்க" என்றாள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் என்னிடமிருந்து அவள் ஒரு சொல்லைக்கூட எடுத்துக்கொண்டதில்லை.

வாட்டம் செங்கமலத்தின் சொல். தண்ணீர் வழியத் தரைக்குக் கொடுக்கும் சரிவு அவருக்கு வாட்டம். மூட்டைமேல் உட்காரத் திணறினால், "இப்புடி வாட்டமா உக்காருங்க சார்" என்பார். வாசலில் நான் நட்ட மல்லிகைக்கன்றைப் பார்த்து, "வாட்டமா நிக்குது, தண்ணி ஊத்தலயா?" என்று கேட்பார். ஒரே காலையில் மூன்று பொருளிலும் சொல்லிவிட்டு, ஒன்றுமே செய்யாதவர் போல வெற்றிலையை மடிப்பார். நான் அதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வேன்.

அந்தச் சொல்லைப் பற்றி மூன்று பக்கக் கட்டுரையும் எழுதி வைத்திருந்தேன். வாடிய இலை தலை கவிழும், கவிழ்வது சரிவு, ஆகவே 'வாடு' என்பதிலிருந்தே தரையின் வாட்டமும் வந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. பெருமை தாங்காமல் அவரிடமே சொன்னேன். கலவையைக் கிளறிக்கொண்டே கேட்டார்.

"வாடுனா தொங்கும், சரிதான் சார். ஆனா தரைக்கு என்ன கவல, அது எதுக்கு வாடுது? தண்ணி போறதுக்கு வாட்டமா இருந்தா அதான் வாட்டம். நமக்கு உக்கார வாட்டம், அதுக்கு ஓட வாட்டம்."

எது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்று பக்கத்தை அவர் ஒரு மூச்சில் சொன்னதுதான் பொறுக்கவில்லை. கட்டுரையில், 'வசதி என்னும் பொருளிலிருந்து வந்ததாகச் சிலர் கருதுவர்' என்று ஒரு வரி சேர்த்தேன். அந்தச் சிலருக்குச் செங்கமலம் என்று பெயர் இருப்பதை எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை புதுமனை புகுவிழா. அதற்கு முந்தைய திங்கள்கிழமை மிச்சமிருந்தது மாடிக் குளியலறை மட்டும். நல்ல வெயில். கல்லூரியிலிருந்து செங்கமலத்தின் போனுக்கு ஆறுதலாக ஒரு செய்தி அனுப்பினேன்: 'வெயில் கடுமை. வாட்டமின்றி வேலையை முடியுங்கள்.' உடனே அவர் கூப்பிட்டார். வகுப்பில் இருந்ததால் துண்டித்தேன். மறுபடி கூப்பிட்டார். மறுபடி துண்டித்துவிட்டு, 'சொன்னதுதான். சிறிதும் வாட்டமின்றி' என்று அனுப்பினேன்.

புதன்கிழமை மாடிக் குழாயைத் திறந்த அபிநயா கத்தினாள். "என்னங்க, தண்ணி போகவே மாட்டேங்குது!"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீடு என்னுடையது, விழா இன்னும் இரண்டு நாளில், ஆனாலும் சந்தோஷம்தான். செங்கமலம் தவறு செய்துவிட்டார்! படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். குளியலறைத் தரை மேஜைபோல மட்டமாக இருந்தது. தண்ணீர் போக வழி தெரியாமல் அப்படியே தேங்கி நின்றது.

கீழே ஒட்டி முடித்த டைல்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த செங்கமலம் எனக்குப் பின்னாலேயே ஏறி வந்தார். தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார்.

"கேக்கத்தான் ரெண்டு தடவ கூப்புட்டேன் சார்," என்றார் மெதுவாக. "படிச்சவரு, என்னமோ காரணம் இருக்கும்னு போட்டுட்டேன்."

'சிறிதும் வாட்டமின்றி.' மாணவர்களுக்கு மதிப்பெண் போடும் என் சுத்தத் தமிழ். 'சோர்வின்றி' என்று எழுதியிருந்தால் தீர்ந்தது.

அபிநயா சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் நடுவில் வந்து நின்றாள். "வெள்ளிக்கெழம சனம் வந்துரும். வாட்டம் வேணாம்னு யாரு சொன்னது?"

போன் திரை இன்னும் வெளிச்சமாகத்தான் இருந்தது. அபிநயா அதை வாங்கி ஒரு பார்வை பார்த்தால் போதும், ஒன்பது வருடத்தில் நான் எழுதியதில் அவள் படித்த முதல் வரியாக அது இருக்கும்.

செங்கமலம் என் முகத்தை ஒருதரம் பார்த்தார்.

"நாந்தாம்மா. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவதான, தப்பாப் படிச்சிட்டேன். நாளைக்குள்ள முடிச்சிடுறேன், போங்க" என்று போனைச் சட்டைப்பையில் போட்டார்.

அபிநயா முணுமுணுத்துக்கொண்டே கீழே இறங்கினாள். செங்கமலம் தேங்கிய தண்ணீரில் குந்தி உட்கார்ந்து, சேலைத்தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, "புடிங்க சார்" என்று கோலிக்குண்டை என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு உளியை எடுத்து முதல் டைல்ஸின் மூலையில் ஒரு தட்டுத் தட்டினார்.