நான்காம் பக்கத்துச் சிவப்பு ஸ்டிக்கர்

புனிதா இறந்துபோன செய்தி வந்தபோது நான் அவளை மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். முந்தைய நாள் அவள் அனுப்பிய செய்திதான் காரணம். "அண்ணே, உங்க புதுக் கதையில நாலாம் பக்கத்துல சிவப்பு ஒட்டியிருக்கேன். சனிக்கிழமை நேர்ல சொல்றேன்." அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு என் மனைவி அழுதிருந்தாள். அதில் போய் இவளுக்கு என்ன குற்றம் தெரிந்தது என்று, நான் வேலை பார்க்கும் குளுவாங் செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் நின்று பொருமிக்கொண்டிருந்தேன். அப்போது அவள் மகள் அழைத்தாள். "அங்கிள், அம்மா காலையில தவறிட்டாங்க. வேலைக்குக் கெளம்பி கால்ல சப்பாத்து மாட்டிக்கிட்டு இருந்தாங்க. அப்படியே சாஞ்சிட்டாங்க."

அஞ்சலிக் கட்டுரைக்கு மரியாதையாக 'அவர்' என்று எழுதத்தான் பார்த்தேன். கை வரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக என்னோடு சண்டை போட்டவளை 'அவள்' என்றே எழுதுகிறேன். நம் எழுத்து வட்டத்து நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உங்களுக்கெல்லாம் அவளைத் தெரியும். ஜோகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயாவில் வீடு, சிங்கப்பூரில் மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போவாள்; சனிக்கிழமை மட்டும் ரயிலேறிக் குளுவாங்கில் நம் கூட்டத்துக்கு வருவாள். தொழிற்சாலையில் பழுதான பாகத்தின்மேல் ஒட்டும் சின்ன வட்டச் சிவப்பு ஸ்டிக்கர் இருக்கிறதே, அதே மாதிரி ஒரு கட்டு கடையில் வாங்கிக் கைப்பையில் வைத்திருப்பாள். கதை எங்கே உடைகிறதோ அங்கே ஒன்று ஒட்டுவாள். ஒட்டுவதோடு சரி, பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதமாட்டாள். "ரிஜெக்ட் பண்றது என் வேலை. ஏன்னு மொதல்ல நீங்க கண்டுபிடிங்க, முடியலன்னா கேளுங்க" என்பாள். ஒரு சனிக்கிழமை என் கதை பக்கமெல்லாம் சிவப்பாக, அம்மை போட்டதுபோலத் திரும்பி வந்தது. அன்று நான் தேநீர்கூடக் குடிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அறிவியல் கதையும் மாயக்கதையும் ஒன்றுதான், இரண்டுமே நடக்காத சங்கதி என்று ஒருமுறை கூட்டத்தில் நான் அடித்துப் பேசினேன். அவள் வடையைக் கீழே வைத்தாள். "என்னா அண்ணே இப்படிச் சொல்லிட்டீங்க. அறிவியல் கதையில கதவு எப்படித் தொறக்குதுன்னு சொல்லணும். மாயக்கதையில யாருக்குத் தொறக்காதுன்னு சொல்லணும். ரெண்டும் சொல்லலன்னா அது கதவே இல்ல லா, சும்மா ஓட்டை." எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், விளங்காமல்.

விளங்கியது அந்தப் பரிசளிப்பு நாளில். ஜோகூர் பாருவில் ஒரு சங்கம் கதைப் போட்டி நடத்தியது. அறிவியல் கதைக்கு ஒரு பரிசு, மாயக்கதைக்கு ஒரு பரிசு. புனிதாவுக்கு அப்போது ஓயாத வேலை. அதனால் அவள் கதைக்கும் நானே படிவம் நிரப்பி அனுப்பினேன். தினமும் பாலத்தைக் கடக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய கதை அது. சோதனைச் சாவடியில் ஒரு கருவி கைரேகைக்குப் பதிலாக அவளுடைய ஞாபகம் ஒன்றை எடுத்துக்கொள்ளும். பொய் சொல்கிறவர்களுக்கு மட்டும் தடுப்பு திறக்காது. கருவி இருக்கிறதே என்று நான் 'அறிவியல்' கட்டத்தில் குறி போட்டுவிட்டேன். முதல் பரிசு கிடைத்தது.

மேடைக்குப் போனவள் கோப்பையை வாங்கவில்லை. ஒலிவாங்கியை வாங்கினாள். "மன்னிச்சுக்குங்க. இதுல மெஷின் இருக்கு, ஆனா அது எப்படி ஞாபகத்தை எடுக்குதுன்னு நான் ஒரு வரி சொல்லல. எனக்கே தெரியாது. இது மாயக்கதை. அறிவியலை ஒழுங்கா எழுதினவங்களுக்கு இதைக் குடுங்க." நடுவர்கள் தங்களுக்குள் பேசி, அடுத்த இடத்தில் இருந்த கதைக்குப் பரிசை மாற்றினார்கள். அது என் ரோபோ கதை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. திரும்பும் வழியில் காரிலேயே கேட்டேன். "பிச்சை போட்டியா எனக்கு?"

"அலமாக், யாரு உங்களுக்குப் பிச்சை போட்டா? உங்க ரோபோ மழையில நனைஞ்சு பேட்டரி தீர்ந்து செத்துப்போச்சுல்ல? அதைக் காப்பாத்தணும்னு உங்களுக்கு ஆசை இருந்துச்சு, எனக்குத் தெரியும். ஆனா ஏமாத்தல நீங்க. அந்தக் கோப்பை உங்களுதுதான் அண்ணே."

கையில் வந்த பரிசை, தன் கதையின் வகை தவறு என்று சொல்லி மேடையிலேயே மறுத்த ஓர் எழுத்தாளரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவள் நம் வட்டத்துக்காரி என்று சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தபோது அவள் மகள் என் கதையை உறையில் போட்டுக் கொடுத்தாள். நான்காம் பக்கத்தில் ஒரே ஒரு சிவப்பு. வழக்கம்போல ஒரு வார்த்தைகூட இல்லை. கதை இதுதான்: இறந்துபோன தாயோடு பேச மகன் ஒரு கருவி செய்கிறான். மூன்று பக்கம் கம்பி, மின்கலம், அலைவரிசை என்று விவரமாக எழுதியிருந்தேன். கருவி ஓடவில்லை. நான்காம் பக்கத்தில் அவன் அதன்மேல் தலைசாய்த்து அழுகிறான். உடனே தாயின் குரல் கேட்கிறது.

என்னால் முடியவில்லை என்றால் அவளைக் கேட்கலாம் என்பதுதான் எங்கள் ஏற்பாடு. இந்த முறை கேட்க ஆளில்லை. காரை நகர்த்தாமல் அவள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கண்ணீர்பட்டால் கருவி எப்படி ஓடும்? நான் சொல்லவில்லை. அழுகிற யாருக்கும் குரல் கேட்குமென்றால், யாருக்குக் கேட்காது? அதையும் சொல்லவில்லை. சற்று முன்பு அந்த வீட்டுக்குள் எத்தனை பேர் அழுதோம். ஒருவருக்கும் அவள் குரல் கேட்கவில்லை.

அந்தப் பக்கத்தை மாற்றி எழுதிவிட்டேன். மகன் அழுகிறான், கருவி ஊமையாகவே இருக்கிறது. முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் கம்பியிலிருந்து மறுபடி சோதிக்கத் தொடங்குகிறான். அதோடு கதை முடிகிறது.

அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியது நான்காம் பக்கத்திலிருந்து உரித்தெடுத்த அந்த ஒரு ஸ்டிக்கர். பசை இன்னும் போகவில்லை. இந்தக் கட்டுரையை, 'புனிதா எங்கிருந்தோ நம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள்' என்றுதான் முதலில் முடித்திருந்தேன். அந்த வரியின்மேல் சிவப்பை ஒட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வரியை அடித்து நீக்கினேன்.